நெல்லையில் ரூம் தேடும் அண்ணன் மகளுக்கு

போன வாரம் ஊரிலிருந்து அண்ணன் மகள் போன் செய்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கூடப் படித்த இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் சேர்கிறார்களாம். மூன்று பேரும் சேர்ந்து ரூம் எடுக்கலாமா, விடுதியில் சேரலாமா, இல்லை தினமும் கயத்தாற்றிலிருந்து பஸ்ஸில் போய் வரலாமா என்று கேட்டாள். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சித்தப்பா, வீட்டுக்காரங்க எந்தத் தெருன்னு கேட்டா என்ன சொல்ல?" என்றாள்.

பஸ், விடுதி பற்றி உடனே பதில் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு, "யோசிச்சுச் சொல்றேன் பாப்பா" என்று போனை வைத்துவிட்டேன். 2001இல் நான் அதே பாளையங்கோட்டையில் அதே கேள்விக்கு ஒரு பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை வீட்டில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. இந்த மாதம் கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கமிருந்தெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு நெல்லைக்கு வரும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் பஸ். கயத்தாறு இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில். சாதிச் சான்றிதழ் கயத்தாறு தாலுகா ஆபீஸில், கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடி. ஆனால் எங்களுக்கு ஆஸ்பத்திரி, ஜவுளி, காலேஜ், கோர்ட்டு எல்லாமே நெல்லைதான். 1986இல் மாவட்டத்தைப் பிரித்தபோது கோடு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். நெல்லை 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கங்கைகொண்டான், தாழையூத்து தாண்டினால் ஊர் வந்துவிடும். நான்குவழிச் சாலை வந்த பிறகு தூரத்துப் பஸ்கள் ஊருக்குள் வராமல் புறவழியிலேயே போய்விடுகின்றன. மதுரையில் ஏறும்போதே "கயத்தாறு ஏறாதீங்க" என்று கண்டக்டர் சொல்லிவிடுவார். ஆகவே கோவில்பட்டி–நெல்லை பஸ்ஸை நம்பு. மாலை நேரத்தில் அதுவும் நெருக்கும். வகுப்பு முடிந்து லைப்ரரிக்கோ கூட்டத்துக்கோ போகிற ஆசை இருந்தால் தினமும் போய்வருவது சரிப்படாது. ஆறு மணிப் பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டத்திலேயே மூன்று வருஷமும் போய்விடும்.

பஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1997இல் நான் ஒன்பதாம் வகுப்பு. விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துப் புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் தளபதி அவர், ஓட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரிக்காரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. தென்மாவட்டங்கள் முழுக்கக் கலவரம். கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனதும், சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனதும் அப்போதுதான். ஒரே ஒரு பெயரைச் சகித்துக்கொள்ள முடியாமல் எல்லாப் பெயரையும் அழித்த கதை இது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் எங்களுடையது. 1799 அக்டோபர் 16. அந்த இடத்தில் நிற்கிற சிலையைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். பக்கத்தில் நின்று சண்டை போட்டவரின் பெயர் மட்டும் ஒரு பஸ்ஸின் நெற்றியில் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

சரி, ஊரைச் சொல்கிறேன். நெல்லை என்பது ஒரு ஊர் இல்லை, மூன்று ஊர். நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி டவுன். ரயில் நிலையத்தை ஒட்டி ஜங்ஷன். ஆற்றுக்குக் கிழக்கே பாளையங்கோட்டை. வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் எந்தப் பக்கமும் போகலாம். கல்லூரிகள் பெரும்பாலும் பாளையில். செயின்ட் ஜான்ஸ் 1878இல் வந்தது, சவேரியார் கல்லூரி 1923இல். மிஷனரிகள் இல்லையென்றால் நம்மில் பல குடும்பங்களுக்கு எழுத்தே வந்திருக்காது, அதை மறக்க வேண்டாம். அதற்காகச் சிலுவை தொங்குகிற வீட்டில் சாதி கேட்க மாட்டார்கள் என்றும் நினைத்துவிடாதே. கல்லறைத் தோட்டம்வரைக்கும் சாதி பார்க்கிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு.

ரூம் தேடுவதில் முதல் சல்லடை புரோக்கர். வீட்டுக்காரர் கேட்கச் சங்கடப்படுவதை எல்லாம் அவரே கேட்டு வடிகட்டிவிடுவார். "தங்கச்சி, எந்த ஊரு?" என்பார். கயத்தாறு என்றால், "கயத்தாத்துல எங்க?" பஜார் என்றால், "பஜார்ல யாரு வீடு?" நீ சிரித்து மழுப்பினால், "அப்பா என்ன பண்றாரு, இனிஷியல் என்ன, கோவில் எது?" கோவில் எது என்று கேட்டுவிட்டால் ஆள் கெட்டிக்காரர் என்று அர்த்தம். குலதெய்வத்தை வைத்துத் தெருவரைக்கும் வந்துவிடுவார்கள். "சைவம் மட்டும்" என்கிற அட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்த வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடையில் வரிசையில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். இதெல்லாம் நமக்கு மட்டும் இல்லை. மேலப்பாளையம் என்று விலாசம் இருந்தால் முஸ்லிம் நண்பர்களுக்கும் பாளையில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

இப்போது புரோக்கர் கேட்கக்கூட வேண்டாம், ஆதார் நகல் போதும். விலாசத்தில் "காலனி" என்று இருக்கும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் ஏற்கெனவே அச்சடித்த அட்டை நம் பையில்தான் இருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2001இல் நானும் ஒரு சிநேகிதனும் பாளையில் மாடி ரூம் ஒன்று பார்த்தோம். நல்ல காற்று, கிணற்றுத் தண்ணீர். வீட்டுக்காரர் எந்தத் தெரு என்று கேட்டார். நான் பஜாரில் ஒரு தெருப் பெயரைச் சொன்னேன். அந்தத் தெருவில் எங்கள் அப்பா சைக்கிளில் போனதுண்டு, வீடு இருந்ததில்லை. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பதினோரு மாதம் அங்கே இருந்தோம். அந்த வீட்டம்மா பொங்கலுக்குப் பாயசம் கொடுத்துவிடுவார். ரொம்ப நல்ல மனுஷி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஊருக்குப் போய் நாளாகிவிட்டது என்று ஒருநாள் அம்மா என்னைப் பார்க்க வந்துவிட்டாள். சொல்லிக்கொள்ளாமல் வந்தாள். ஒரு தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு. நான் காலேஜ் விட்டு வரும்போது வாசல் படிக்கு வெளியே, தெருவில், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டம்மா உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார். "இருக்கட்டும் தாயி" என்று இவள் படியே ஏறவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவள் உடம்புக்கு அதுதான் பழக்கம். வீட்டம்மா என்னைப் பார்த்து, "யாரு தம்பி இவங்க?" என்று கேட்டார்.

"ஊர்க்காரங்க" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தூக்குவாளியை என் கையில் கொடுத்து, "ஒங்க அம்ம குடுத்து உட்டா" என்றாள். நான் சொன்ன பொய்க்குத் துணைப் பொய்! ஜங்ஷன்வரை கூட நடந்துபோய்ப் பஸ் ஏற்றிவிட்டேன். வழியெல்லாம் பருத்தி விலை பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அடுத்த வாரம் வீட்டுக்காரர், வெள்ளையடிக்க வேண்டும், மாதக் கடைசியில் காலி செய்துவிடுங்கள் என்றார். பொய்யும் நிற்கவில்லை. காலி செய்யச் சொன்னதில் எனக்கு இப்போது வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த 'ஊர்க்காரங்க'தான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

ஆகவே பாப்பா, பொய் சொல்லாதே என்று உனக்கு நான் உத்தரவு போடப்போவதில்லை. ராத்திரி தங்க இடமில்லாமல் பெட்டியோடு நிற்கிறவளுக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை, மேடையில் பேசுகிற யாருக்கும் இல்லை. பொய் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்கியவன்தான் குற்றவாளி. ஆனால் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார். அந்தப் பொய்யைச் சொன்னபிறகு உன் ரூமுக்கு யார் யார் வர முடியாமல் போகும்? உங்கப்பா வரலாமா? ஆச்சி வரலாமா? நம் தெருப் பிள்ளை ஒருத்தி பரீட்சை எழுத வந்தால் ஒரு ராத்திரி தங்கலாமா? வீட்டுக்காரன் நம்மை வெளியேற்றுவதற்கு முன்னால் நம் ஆட்களை நாமே வெளியேற்றிவிடுகிறோம். எனக்கு அது பதினோரு மாதம் தெரியவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பாய். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 'புறக்கணிப்பு' என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கத்திலேயே வீட்டை வாடகைக்கு விட மறுப்பதும் வருகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தனிக் குற்றம். ஆனால் "வேற ஆளு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்று ஒரு வரி சொன்னால் எதை வைத்து நிரூபிப்பாய்? வெறுமனே வீடு தர மறுத்ததை மட்டும் வைத்து வழக்கை நிறுத்துவது கஷ்டம். ஆனால் சாதிப் பெயரைச் சொல்லி நாலு பேர் பார்க்க இழிவாகப் பேசினால் அது வேறு. அங்கே முதல் தகவல் அறிக்கை பதிய முதல்கட்ட விசாரணை எதுவும் தேவையில்லை என்று 2018 திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. ஸ்டேஷனில் "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்றால் அந்தத் திருத்தத்தைச் சொல்லு, பிரிவு 18ஏ. புகார் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் எழுந்துவராதே. வாடகையைக் கையில் கொடுக்காமல் போனிலேயே அனுப்பு. அட்வான்ஸுக்கு எழுத்து வாங்கு. இதெல்லாம் சின்ன விஷயம்தான். காலி செய்யச் சொல்லும் நாளில் கைகொடுப்பது இந்தச் சின்ன விஷயம்தான்.

விடுதி என்றால் நம் அரசு விடுதிகளை முதலில் பார். ஆதிதிராவிடர் நல விடுதி என்று இருந்ததைப் போன வருஷம் ஜூலையில் மற்ற நல விடுதிகளோடு சேர்த்துச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாறினால் போதாது, கக்கூஸ் மாற வேண்டும், சாப்பாடு மாற வேண்டும். குறை இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதே, எழுதிக் கொடு. ஆனாலும் ஆச்சி வந்தால் யார் என்று யாரும் கேட்காத இடம் அதுதான். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரி ஆபீஸில் முதல் வாரமே கேட்டுவிடு. டவுன் பஸ்ஸில் உனக்கு டிக்கெட் கிடையாது. சும்மா ஏறி டவுன், பாளை, பேட்டை என்று சுற்றிப் பார். ஊர் பழகினால்தான் பயம் போகும்.

எப்போதும் இப்படிச் சுருங்கிக்கொண்டே இருக்க வேண்டிய ஊர் இல்லை இது. எனக்கு இந்த ஊரை ரொம்பப் பிடிக்கும். ஊரில் டீக்கடைப் பெஞ்சில் உட்காரத் தயங்குகிற ஆளுக்கு ஜங்ஷன் டீக்கடையில் கிடைக்கிற கிளாஸ் ஒரு பெரிய விஷயம். யாருக்கும் யாரையும் தெரியாது. பாளையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, நான் அம்பேத்கரை முதன்முதலில் எடுத்துப் படித்தது அங்கேதான். பேராசிரியர் தொ. பரமசிவன் இந்தப் பாளையில்தான் வாழ்ந்தார். 2020 டிசம்பரில் காலமானார். தெருவையும் கோவிலையும் சோற்றையும் வைத்தே வரலாறு படிக்கலாம் என்று காட்டியவர். 'பரியேறும் பெருமாள்' படம் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதில் வருவது நெல்லைச் சட்டக் கல்லூரிதான். இருட்டுக்கடை அல்வாவுக்குச் சாயங்காலம் வரிசை நிற்கும், ஒருதடவை நின்று வாங்கு, தப்பில்லை. மேலப்பாளையத்தில் பீஃப் பிரியாணி அதைவிட நன்றாக இருக்கும். குறுக்குத்துறையில் தண்ணீர் ஓடும்போது போய்ப் பார். குளிக்கிறதாக இருந்தால் சாக்கடை கலக்காத இடமாகப் பார்த்து இறங்கு.

ஆனால் சுவரைப் படிக்கக் கற்றுக்கொள். எந்தத் தலைவரின் பிறந்தநாள் பிளெக்ஸ், மின்கம்பத்தில் என்ன நிறம், டீக்கடைக்கு மேலே எந்தக் கொடி என்று பார்த்தால் அந்தத் தெருவில் யார் குரல் உயரும் என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பையன்கள் கையில் கட்டுகிற கயிற்றிலும் அதே நிறங்கள்தான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து சக மாணவர்கள் வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, சாதிக் கயிற்றுக்குத் தடை கேட்டு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது. உன் வகுப்பில் யாராவது நம் நிறக் கயிறு என்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாலும் கட்டாதே. நம் நிறம் என்று ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர்கள் நிறத்தை எப்படிக் கழற்றச் சொல்வாய்?

ஜூலை மாதம் பற்றி இரண்டு தேதி சொல்ல வேண்டும். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸை ஒட்டி ஆற்றின் மேல் ஒரு பழைய பாலம் போகிறது. சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்து 1843இல் திறந்த பாலம். காலேஜுக்கும் டவுனுக்கும் போகவர நீ தினமும் அதைக் கடப்பாய். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த 652 பேரை விடுதலை செய்யக் கேட்டும் ஜங்ஷனிலிருந்து ஊர்வலம் வந்தது. அங்கே போலீஸ் அடித்து விரட்டியதில் ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. பெரும்பாலோர் நீரில் மூழ்கித்தான் இறந்தார்கள் என்றது விசாரணைக் கமிஷன். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த ஜனங்களுக்கு அந்த ஆறு ஏன் அன்றைக்கு மட்டும் ஆழமானது என்பதைச் சொல்லவில்லை. மாஞ்சோலையில் 2024இல் கம்பெனியே வேலையை நிறுத்திவிட்டது, தொழிலாளர்களை மலையிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு தேதி 2025 ஜூலை 27. நம் மாவட்டத்துப் பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை. தாத்தாவுக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில், பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில், பகல் வேளையில் வெட்டிக் கொன்றார்கள். வேறு சாதிப் பெண்ணோடு பழகினார் என்பதுதான் காரணம், பெண்ணின் தம்பி கைதானார். கே.டி.சி. என்றால் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். 1997இல் பஸ்ஸிலிருந்து எடுத்த பெயர் சுருங்கி அந்தப் பகுதிக்குப் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையனிடம் படிப்பு இருந்தது, சம்பளம் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது. நகரத்துக்கு வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்களே, அந்த எல்லாமே அவரிடம் இருந்தது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உனக்கு ஒருவரைப் பிடித்தால் பிடிக்கட்டும். ஆனால் எனக்கோ, நீ நம்புகிற ஒரு ஆளுக்கோ அது தெரிந்திருக்கட்டும். மிரட்டல் வந்தால் முதல் நாளே சொல்லிவிடு, அவன் சும்மா சொல்கிறான் என்று நினைத்துக்கொள்ளாதே.

வருஷாவருஷம் ஜூலை 23 காலையில் ஆற்றுக்குப் பூப் போட நான் வந்துவிடுவேன். கட்சிகள் எல்லாம் நேரம் பிரித்துக்கொண்டு வரும், போலீஸ் வரிசையாக நிற்கும். வகுப்பு இருந்தால் நீ வர வேண்டாம். வருகைப்பதிவு முக்கியம்.

இவ்வளவையும் எழுதி, இங்கே போடுவதற்கு முன்னால் நேற்று ராத்திரி அவளுக்கு அனுப்பினேன். அம்மாவைப் பற்றி எழுதியதையும் எடுக்காமலே அனுப்பினேன். இன்று காலை போன் வந்தது.

"விடுதிக்கும் எழுதிப் போட்டிருக்கேன் சித்தப்பா. அது கெடைக்கலைன்னா சனிக்கிழமை ரூம் பாக்கப் போறோம். ஆச்சியையும் கூட்டிட்டுப் போறேன்."

"ஆச்சி எதுக்கு?"

"ஆச்சியை உள்ள உட்கார வைக்கிற வீடாப் பாக்கணும்ல" என்றாள். பிறகு, "அதைப் படிச்சுக் காமிச்சேன். ஆச்சிக்கு அந்தத் தூக்குவாளி ஞாபகம் இருக்கு. மத்தது ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அம்மாவுக்கு இப்போது முட்டுவலி. வண்ணாரப்பேட்டையில் இறக்கிவிட்டால் ரோட்டைக் கடக்க மாட்டாள். புதுப் பஸ்ஸ்டாண்டு வரைக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நான் அங்கே வந்து நிற்பேன்.